உன் இடத்துக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள்

என் செல்ல அக்கா,

உன் மேனேஜர் கூப்பிட்டார். ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில் நீ பார்த்த வேலைக்கு என்னைக் கேட்கிறார். நானும் உன்னைப் போலக் கெமிக்கல் என்ஜினியர்தானே. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன். என் குரலே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

உன் சாவுக்கு நான் அழவில்லை அக்கா. அன்று பால் கட்டிக்கொண்டு வலித்தபோதுதான் கண்ணில் நீர் வந்தது. அது உனக்கான அழுகையில் சேருமா?

பாப்பா பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் பயம். அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கிறேன். வேறு வேலைக்கும் போகலாம்தான். ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலை இருக்கிறது. மருந்துக் கம்பெனி, குடிநீர் சுத்திகரிப்பு, தொழிற்சாலைப் பாதுகாப்பு, கல்லூரியில் பாடம் என்று நம் படிப்புக்கு வழி நிறைய. எதற்கும் விண்ணப்பிக்கக் கை எழவில்லை.

குனோங் ராபாட் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். பாப்பாவை அவர்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்?

"அந்தக் கெமிக்கல்தான் என் பிள்ளைய கொன்னுச்சு. ஒருத்தியக் குடுத்தது பத்தாதா?"

"கொசு கடிச்சு வந்த டிங்கி காய்ச்சல்மா. டாக்டரே சொன்னாருலா."

"அவரு ஆயிரம் சொல்லுவாரு. அங்க போயி என்னத்தடி கலக்குறீங்க?"

"கலக்கிப் பாக்குறது லேப் ஆளுங்க. சின்னக் குடுவையில ஆனத டேங்கு டேங்கா செய்யணும்னா எவ்ளோ சூடு, எந்தக் குழாய்ல எவ்ளோ வேகம், மிச்சம் எங்க போவணும், அதெல்லாம் பாக்குறது நாங்க. அக்கா பாத்தது அந்த மிச்சத்த. கையுறை கழுவுன அழுக்குத் தண்ணிய சுத்தம் பண்ணித்தான் ஆத்துல விடணும்."

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார். ஊரெல்லாம் உன்னைப் பற்றிப் பெருமை பேசியவருக்கு இது தெரியாது. அவர் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை.

"அவ தண்ணியையா பாத்தா?"

"ஆமாம்மா."

"இப்ப யாரு பாக்குறா?"

"நெரந்தரமா யாரும் இல்ல."

மீதி வெங்காயத்தையும் உரித்து முடித்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"பிள்ளைய காலையில எத்தன மணிக்குக் கொண்டாருவ?"

"பயமா இருக்கும்மா."

"எனக்கு மட்டும் இல்லியா? மணியச் சொல்லுலா."

திங்கட்கிழமை சேருகிறேன் அக்கா. உன் நாற்காலியில் உட்கார முடியுமா, தெரியவில்லை. நின்றுகொண்டாவது பார்க்கிறேன். தெளியாத தண்ணீரை, யார் அவசரப்படுத்தினாலும், ஆற்றில் விட மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மலர்