சூட்டில் நின்றால் திரும்பக் கிளம்பாத கார்

பெப்ரவரி 11, திங்கள்

வாடை விட்டுவிட்டது. காலையிலேயே வெயில். மாமாவின் வாகனம் திருத்தும் கொட்டிலில் தகரக் கூரை. மதியத்துக்கு மேல் ஸ்பானரை வெறுங்கையால் தொட முடியவில்லை.

பிலிப்பு அண்ணையின் கார் வந்தது. ஓடி வரவில்லை, கோயிலடியிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். பழைய ஏ-போர்ட்டி, என்னைவிட வயது கூடியது. அரிப்பு ஊரில் இன்று ஓடக்கூடிய கார் இது ஒன்றுதான். இவர் முன்பு இதை ஹயருக்கு, வாடகைக்கு, ஓடியவர். இப்போது இரண்டு கண்ணிலும் வெண்படலம். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும். இடதில் ஆட்கள் நிழல்போலத் தெரிவார்களாம். ஒரு கையால் மட்காட்டைத் தடவித் தடவி நடந்து வந்தார். மறுபக்கம் மனைவி லூர்து அக்கா.

காரின் வருத்தம், அவர் சொன்னபடி: "விடியப் பெற்றோல் நாலு துளி விட்டால் உடனே பிடிக்கும் தம்பி. மண்ணெண்ணெயில சீராத்தான் ஓடும். ஆனா சூட்டில நிப்பாட்டினா முடிஞ்சுது. ஆறினாப் பிறகுதான் திரும்ப."

ஆமி தடை போட்டுப் பெற்றோல் வருவது நின்றதிலிருந்து இந்தப் பக்கத்தில் எல்லாமே மண்ணெண்ணெயில்தான். காபிரேற்றர் வாயில் சில துளி பெற்றோல், எஞ்சின் பிடித்ததும் ம.எண்ணெய். துளி விடுவதற்குக் கண் மருந்துப் போத்தல். அதன் மூக்குத்தான் தோதானது என்று வாகனம் வைத்திருக்கும் எல்லோரும் வெறும் போத்தலுக்கு அலைகிறார்கள்.

பிலிப்பு அண்ணை (பி.அ.) ஏற்கெனவே தீர்ப்பும் எழுதிவிட்டார். "எல்லாம் மண்ணெண்ணெய் செய்யிற வேலை." இங்கே எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். பிரேக் பிடிக்காவிட்டாலும் மண்ணெண்ணெய். கதவு பூட்டாவிட்டாலும் மண்ணெண்ணெய்.

அவசரம் என்னவென்றால், வியாழக்கிழமை பாலத்துக்கு அப்பாலுள்ள தீவு ஆஸ்பத்திரிக்குக் கொழும்பிலிருந்து கண் டொக்டர் வருகிறார். பெயர் பதிந்தாயிற்று. காருக்குப் பாஸ் கிடைத்துவிட்டது: நோயாளி, மனைவி, சாரதி. சாரதி நான். (என்னைக் கேட்காமலே மாமா எழுதிக் கொடுத்துவிட்டார்.) பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆமி சென்றி, சோதனைக் காவல். அங்கே எஞ்சினை நிப்பாட்ட வேண்டும், பொனற்றைத் திறக்க வேண்டும், எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். பெற்றோல் கொண்டுபோனால் உள்ளே போடுவார்கள். கார் திரும்பக் கிளம்பாவிட்டால் தள்ளவும் விடமாட்டார்கள். வந்த வழியே திருப்பி அனுப்புவார்கள், பாஸும் போய்விடும். டொக்டர் மறுபடி எப்போது வருவார் என்று ஒருவருக்கும் தெரியாது.

"எனக்கு இன்னும் ஐம்பத்திரண்டுதான். இருட்டுக்குள்ள இருந்து என்னத்தைச் செய்யிறது?" என்றார்.

நான்: "வியாழனுக்கு முதல் செய்து தாறன். பக்கத்தில நிண்டு கதைக்காமல் இருந்தால் கெதியாச் செய்யலாம்."

லூர்து அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தா.

இன்று பார்த்தவை:
– பிளக் நாலும் கரி. துடைத்தாயிற்று.
– காபிரேற்றர் கழற்றிக் கழுவியாயிற்று. அடியில் சேறுபோல.
– வால்வு இடைவெளி சரி.
– எஞ்சின் ஒயில் தண்ணீர்போல இளகல். எரியாத ம.எண்ணெய் இறங்கியிருக்கிறது. மாற்ற ஒயில் எங்கே?
– ரேடியேற்றருக்கு முன்னால் சாக்கு. எஞ்சின் சூடாக இருந்தால்தான் ம.எண்ணெய் எரியும் என்று எல்லோரும் கட்டுவது.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். ஓடியது. சூடாக்கி நிப்பாட்டினேன். கிளம்பவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

பெப்ரவரி 12, செவ்வாய்

கட்டுக்கரைக் குளம் வரைக்கும் ஓடிப் பார்த்தேன். பி.அ. கூட வந்தே தீருவேன் என்றார். கண் தெரியாத மனிதர், வழி முழுக்க எனக்கு ஓட்டக் காட்டினார். "இப்ப கியரை மாத்து." "இஞ்ச பள்ளமிருக்கு, இடப்பக்கம் எடு." பள்ளம் இருந்தது. எரிச்சல்.

குளக்கட்டில் நிப்பாட்டினேன். திறப்பை (சாவியை) திரும்பத் திருப்பினால் ஸ்ராற்றர் இழுக்கிறது, இழுக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. வயலில் அரிவு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதில் ஒருவர், மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவர், சத்தம் போட்டார்: "என்னாங்க, மாடு பூட்டி இழுத்துட்டு வரவா?" எல்லோரும் சிரிப்பு. பி.அ.வும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

பிளக்கைக் கழற்றினேன். ஈரம். அப்படியானால் எண்ணெய் வருகிறது. வயரை எஞ்சின் உடம்பில் தொட்டுப் பொறி பார்த்தேன். மஞ்சளாய், செத்த பொறி.

அப்போதுதான் உறைத்தது. பொறிக்கு மின் கொடுக்கும் இக்னிஷன் கொயில் இருப்பது டைனமோவுக்கு மேல், எஞ்சினை ஒட்டி. கை வைத்தேன், சுட்டது. வாய்க்காலில் துணியை நனைத்துக் கொயிலில் சுற்றிக்கொண்டு காத்திருந்தேன். மறுபடி பொறி. நீலம். திறப்பைத் திருப்பினேன். பிடித்தது.

ஆக, கொயில். சூடானால் செத்துப்போகிறது, ஆறினால் உயிர்க்கிறது. எண்ணெய்க்குச் சம்பந்தமே இல்லை. ம.எண்ணெயைத் திட்டித் திட்டி, மின் பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. நான் படித்த டெக்னிக்கல் கொலிச்சில் இரண்டாம் வருடப் பாடம். நேற்று நானும் நேரே காபிரேற்றரைத்தானே கழற்றினேன். இந்த ஊர்க் காற்று எனக்கும் பிடித்துவிட்டது.

திரும்பி வரும்போது பி.அ. கேட்டார்: "என்னவாம் தம்பி?"

"கொயில்."

"மண்ணெண்ணெய் அதைப் பழுதாக்கிப்போட்டுது, என்ன?"

கியரை மாற்றினேன்.

பெப்ரவரி 13, புதன்

புதுக் கொயிலுக்கு வழியில்லை. உதிரிப்பாகம் எதுவும் உள்ளே வர விடுகிறார்களில்லை. ஆகவே இருப்பதை இடம் மாற்றினேன். டைனமோவிலிருந்து கழற்றி, முன் கிறிலுக்குப் பின்னால், காற்றுப் படும் இடத்தில். வயரை ஒட்டி நீட்டினேன். எஞ்சின் பக்கம் பிஸ்கற் தகரத்தை வெட்டி மறைப்பு.

சாக்கைக் கழற்றினேன். பி.அ.வோடு சண்டை.

"சாக்கைக் கழட்டினா எண்ணெய் எரியாது."

"கொயிலுக்குக் காத்து வேணும் அண்ணை."

"நீ படிச்சது பெற்றோல் காருக்கு."

கழற்றி ஓடினேன். இருமியது, புகைத்தது, அவர் சொன்னதும் சரிதான். கீழ்ப்பாதிக்குச் சாக்கு, மேல்பாதி காற்றுக்கு என்று வைத்தேன். இருமல் நின்றது. அவர் வெற்றிச் சிரிப்புச் சிரித்தார்.

பின்னேரம் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வங்காலை ரோட்டில் ஓடி, சூட்டில் நிப்பாட்டி நிப்பாட்டிக் கிளப்பினேன். எல்லாத் தடவையும் உடனே பிடித்தது, ஒரு தடவை தவிர. அந்த ஒரு தடவை இழுத்து இழுத்து, கடைசியில்தான் பிடித்தது. இறங்கிப் பார்த்தால் பற்றரியின் எர்த் வயர் முனையில் துருவின் பச்சைப் பூ. சுரண்டி இறுக்கினேன். அதன்பின் ஒரு குறையும் இல்லை.

பி.அ. பின்சீற்றில் இருந்தபடி: "ஏன் ஒருக்கா இழுத்தது?"

"உங்களுக்குச் சொன்னால் விளங்காது. நாளைக்குப் பிடிக்கும். அவ்வளவுதான்."

"ஓம்" என்றார்.

லூர்து அக்கா இறங்கும்போது, "பெற்றோல் போத்தலை வீட்டில வச்சிட்டு வரவோ?" என்று கேட்டா. கட்டாயம் என்றேன். விடியக் கிளப்புகிற அளவுக்கு மட்டும், மிச்சம் வீட்டில். ஒரு துளி கூட வரக்கூடாது. இரண்டு பேருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

பெப்ரவரி 14, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வளவுக்குள், காரில் இருந்து.

விடியப் புறப்பட்டோம். எஞ்சின் அருமையாக ஓடியது. சென்றியில் நிப்பாட்டினேன், பொனற்றைத் திறந்தேன், மூன்று பேரும் இறங்கினோம். ஒரு இளம் ஆமிக்காரன். என்னைவிடச் சின்னவன் போல. கொயிலைக் காட்டி, "மே மொகத?", இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். சொன்னேன். தகரத்தைத் தட்டிப் பார்த்தான். பிறகு பி.அ.வின் சட்டைப் பையைத் தடவினான். கண் மருந்துப் போத்தல்.

"என்ன?"

"கண் மருந்து ஐயா."

மூடியைத் திறந்து மூக்கருகே பிடித்தான். எங்கள் உடுப்பு, சீற்று, கை, எல்லாமே ம.எண்ணெய் மணம். எந்த மணம் எதிலிருந்து என்று அவனால் பிரித்திருக்க முடியாது. போத்தலைத் திருப்பிக் கொடுத்தான்.

"போடு."

பி.அ. தலையை நிமிர்த்தினார். ஒரு விரலால் இடது இமையை இழுத்துப் பிடித்து, ஒரு துளி விட்டார். மூடியைப் பூட்டிப் பைக்குள் வைத்தார். கண்ணீர் ஓடியது. ஆமிக்காரன் தலையாட்டினான். யன்ன யன்ன, போங்கள் என்று கை காட்டினான்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மருந்து எரியும்தானே என்று நினைத்தேன். என் நினைப்பெல்லாம் திறப்பில்.

திருப்பினேன். ஒரே இழுவையில் பிடித்தது. பாலத்தில் ஏறும்போது நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். "பாத்தீங்களே அண்ணை?" என்று கேட்டேன்.

கண்ணாடியில் பார்த்தால், சீற்றுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். இடது கண் இறைச்சித் துண்டுபோலச் சிவப்பு.

"அண்ணை, என்ன போட்டனீங்கள்?"

"நீ காருக்குப் போடுற மருந்துதான்."

லூர்து அக்கா, "மாதாவே!" என்று கத்தினா. பாலத்தில் நிப்பாட்ட முடியாது, சுடுவார்கள். ஓடிக்கொண்டே போனேன். அவ குடிதண்ணீர்ப் போத்தல் முழுவதையும் அவரின் முகத்தைச் சரித்துப் பிடித்து ஊற்றினா. ஊற்றிக்கொண்டே பேச்சு. "விசரே உங்களுக்கு? கொஞ்சமெண்டாலும் தெரியிற கண்ணெல்லோ அது! ஏன் அதில விட்டனீங்கள்?"

"வலது டொக்டருக்கு. வெட்டுற கண்ணைப் பழுதாக்கினா அவர் திருப்பி விட்டிடுவார்."

அப்படியொரு கணக்கு. சென்றியில், அந்த ஒரு நிமிடத்துக்குள்.

விடியற்காலையில் கண் மருந்தைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, வீட்டில் இருந்த பெற்றோலை அதே போத்தலில் தானே தடவித் தடவி நிரப்பியிருக்கிறார். கார் கிளம்பாவிட்டால் எனக்குத் தருவதற்கு. நேற்று ஒரு தடவை இழுத்ததைக் கேட்டவர். காரணம் கேட்டவர். எர்த் வயர் முனையில் பூப் பிடித்திருந்தது, சுரண்டிவிட்டேன். எத்தனை சொற்கள் இது? ஹயர் ஓடிய மனிதருக்கு எர்த் வயர் விளங்காதா?

ஆஸ்பத்திரியில் சேலைன் விட்டு நெடுநேரம் கழுவினார்கள். டொக்டர் கோபக்காரர். எப்படி நடந்தது என்று கேட்டார். லூர்து அக்கா, "போத்தல் மாறிப் போச்சு" என்றா. டொக்டர் நம்பவில்லை, ஆனால் மேலே கேட்கவும் இல்லை. இடது கண் மேல்தோல்தான் எரிந்திருக்கிறது, ஆறும் என்றார். வலதை இன்று தொட முடியாது. நாளை மறுநாள், அவர் புறப்படுவதற்கு முன், கடைசி ஆளாகப் பார்ப்பதாகச் சொன்னார். பார்ப்பேன் என்றுதான். வெட்டுவேன் என்று சொல்லவில்லை.

பெப்ரவரி 15, வெள்ளி

காற்று இல்லை. இடது கண்ணில் கட்டு, பி.அ. வார்டில். பக்கத்துக் கட்டில்காரரிடம் காரைப் பற்றியே கதை. "ஒரே இழுவையில பிடிச்சது, தெரியுமே? பொடியன் படிச்சவன்." எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னாரோ, தெரியாது. உள்ளே போகாமல் வெளியே நின்றேன்.

இங்கே பெற்றோல் தாராளம். மோட்டார் சைக்கிள்கள் மணத்துக்கொண்டு போகின்றன. ஒருவர் கேட்டார், பாஸ்தான் இருக்கிறதே, இப்படியே கொழும்புக்குப் போகலாமே, ஏன் திரும்பிப் போகிறாய் என்று. யோசிக்காமல் இல்லை. கராஜில் வேலை கிடைக்கும், கொயில் பெட்டிக்குள் புதிதாகக் கிடைக்கும்.

காரை யார் ஓட்டுவது?

பெப்ரவரி 16, சனி

வெட்டினார்கள். வலது. நல்லபடி என்று நேர்ஸ் சொன்னா. லூர்து அக்கா விறாந்தையில் செபமாலையோடு. என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் தந்தா. பிறகு ஒரு வாழைப்பழம் தந்தா.

பெப்ரவரி 19, செவ்வாய்

இடது கண் கட்டு அவிழ்த்தாயிற்று. சிவப்பு வற்றுகிறது. பழையபடி நிழல் தெரிகிறதாம். வலதுக்கு மேல் மூடி, நாளை வீடு.

பின்னேரம் அவரைக் காரடிக்குக் கூட்டி வந்தேன். எஞ்சினை ஓட விட்டு, சூடாக்கி, நிப்பாட்டினேன். கையைப் பிடித்து டைனமோவுக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

"கொயில் முந்தி இருந்தது இதில. சூடு தெரியுதே?"

"அப்பாடி!"

கையை முன்னால் கொண்டுபோய் இப்போது கொயில் இருக்கும் இடத்தில் வைத்தேன். வைத்துக்கொண்டே நின்றார்.

"வெதுவெதுப்புத்தான். சூடில்லை."

"சூடானால்தான் பொறி சாகும். எண்ணெயில பிழையில்லை."

பிறகு எர்த் வயர். முனையைத் தடவ விட்டேன், எப்படி இருந்தது, எப்படிச் சுரண்டினேன், ஏன் இழுத்தது, எல்லாம். இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் சரியான கேள்வி.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். கோபமாக இல்லை.

"ஓம்."

பெப்ரவரி 20, புதன்

வெயில். பாலத்தில் வெள்ளையாய்க் கொக்குகள், அல்லது பி.அ. கொக்குகள் என்றார். வலது மூடியின் விளிம்பால் பார்க்க வேண்டாம் என்று லூர்து அக்கா அதட்டிக்கொண்டே வந்தா.

முன்சீற்றில், என் பக்கத்தில் இருந்தார். சென்றி நெருங்கியது. நல்ல சூடு, நேர்மதியம். நிப்பாட்டினால் திரும்பப் பிடிக்குமோ என்று எனக்குத் திறப்பில் கை வைக்கவே மனமில்லை. ஆமிக்காரன் தடுப்பருகே எழுந்து நின்றான், கையை இன்னும் தூக்கவில்லை. பி.அ. டாஷ்போர்டைத் தடவித் திறப்பைப் பிடித்து, தானே எஞ்சினை நிப்பாட்டினார்.