காலை முறை உங்களுடையது

அக்கா,

இன்று பரணை ஒழித்தபோது அந்த வாயகன்ற ஃபிளாஸ்க் கையில் கிடைத்தது. பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஐஸ் போட்டு ஊசி மருந்து கொண்டு வருவேனே, அதே ஃபிளாஸ்க். முதல் நாளே அதைப் பார்த்து, "எங்க வேதாரண்யத்துல மீனுக்குத்தான் இப்படி ஐஸ் வைப்பாங்க" என்றீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

நம் இருவருக்கும் ஒரே ரத்தப் புற்றுநோய். நம்முடைய ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்து, கடுமையான மருந்து கொடுத்தபின் நமக்கே திருப்பி ஏற்றுவார்கள். எலும்புக்குள் இருக்கிற செல் ரத்தத்துக்கு வரவேண்டும் என்று நான்கு நாள் ஊசி போட்டார்கள். நான்காம் நாள் எண்ணிப் பார்த்ததில் உங்களுக்கு வேண்டியதற்கு மேலேயே இருந்தது. எனக்குப் பாதிகூட இல்லை. வீட்டு நெல்லும் பசும்பாலுமாக வளர்ந்த உடம்பு என்னுடையது. உப்பளத்து வெயிலில் காய்ந்த உங்களுக்கு ஊறுகிறது, எனக்கு ஊறவில்லை. வயிறு எரிந்தது, அக்கா. உங்களுக்கும் குறையட்டும் என்றுகூட நினைத்தேன்.

டாக்டர் எனக்கு இன்னொரு ஊசி சொன்னார். "இன்னிக்கு ராத்திரி போட்டா காலைல மெஷின்ல படுத்துடணும். நேரம் தள்ளிப்போனா செல் திரும்பக் குறைஞ்சிடும்மா." ரத்தத்திலிருந்து அந்தச் செல்லைப் பிரித்தெடுக்க இருந்தது ஒரே மெஷின். ஒருவர் படுத்தால் நாலைந்து மணி நேரம் ஆகும். காலை முறை ஏற்கெனவே உங்களுடையது.

நான் கேட்கவில்லை. நீங்களே சொன்னீர்கள்: "காலைல இவங்கள எடுத்துடுங்க டாக்டர். நா மத்தியானம் படுத்துக்கிறேன்." அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

எனக்குத் தட்டுத்தடுமாறித் தேவையான அளவு சேர்ந்தது. மத்தியானம் படுத்த உங்களுக்கோ தாராளமாக வந்தது. வார்டே உங்களைப் புகழ்ந்தது. நானும் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். இருக்கிறவள் கொடுத்தாள், இதில் என்ன பெரிய மனசு என்று உள்ளே முனகிக்கொண்டே சொன்னேன்.

மூன்று வருஷம் கழித்து உங்களுக்கு நோய் திரும்பியது. போன தை மாதம் போய்விட்டீர்கள். உங்கள் மகள்தான் போனில் சொன்னாள். அழுதேன். இனி யாரோடும் என்னை அளந்து பார்க்க வேண்டாம் என்று ஒரு நிம்மதியும் அந்த அழுகையில் இருந்தது. அதற்குள் அவள் சொன்னாள்: "மெஷின்ல படுத்த அன்னிக்கு அம்மா ரொம்பப் பயந்துட்டாங்க சித்தி. 'எனக்கும் குறைஞ்சிட்டா என்ன பண்றது'ன்னு மத்தியானம் வரைக்கும் கடிகாரத்தையே பாத்துகிட்டு இருந்தாங்க."

அன்றிலிருந்து பொறாமை கூடத்தான் செய்கிறது. காலை முறை என்னுடையதாக இருந்து, கையைப் பிசைந்துகொண்டு நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன், அக்கா.