லண்டன் கட்சியும் பிரான்ஸ் கட்சியும்

நீ விரும்பிச் சாப்பிடுகிற பாலாடைக்கட்டியை உன் மகன் பாரிஸிலிருந்து கொண்டுவந்திருக்கிறான். பொட்டலத்தைப் பிரித்ததும் வீடு முழுக்க வாடை. “இதுக்குக் கருவாடே தேவலாங்க” என்று என் மனைவி சன்னலைத் திறந்துவிட்டாள். நான் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ இறந்து மழைக்காலம் ஒன்று கடந்துவிட்டது. இப்போதெல்லாம் அழக்கூட அலுப்பாக இருக்கிறது.

நீயும் நானும் காரைக்காலில் ஒரே தெருவில் வளர்ந்தோம். உன் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. நீ பாரிஸ் பக்கம் கார் தொழிற்சாலைக்குப் போனாய். நான் மாமாவின் தயவில் லண்டன் சரக்குக் கிடங்குக்குப் போனேன். விடுப்பில் வந்தால் கடற்கரையில் உட்கார்ந்து, எந்த நாடு உருப்படும் என்று சண்டை போடுவோம். நம் மனைவிமார் சுண்டலை முடித்து எழுந்துபோன பிறகும் ஓயமாட்டோம்.

“எங்க ஊர்ல வேலை போனா மறுவாரமே வேற வேலை. உங்க ஊர்ல படிச்ச பசங்க சும்மா சுத்துறானுங்க. உங்களுக்குக் கொடி புடிக்கத்தான் தெரியும்” என்பேன்.

“கொடி புடிச்சதாலதான் மாப்ள, வாரத்துக்கு முப்பத்தஞ்சு மணி நேரத்தோட வீட்டுக்குப் போறோம். உன் புள்ளைங்க முழிச்சிருக்கறப்ப நீ வீட்டுக்குப் போயிருக்கியா?” என்பாய். வளர்ச்சி வீதம் அது இது என்று நான் சமாளிப்பேன்.

பிறகு உன் அரசாங்கமும் சீர்திருத்தம் என்று ஆரம்பித்தது. முழு ஓய்வூதியம் வேண்டுமானால் இன்னும் சில காலம் கூடுதலாக உழைக்க வேண்டும் என்றது. நீயும் ஊர்வலம் போனாய்; சட்டம் வந்துவிட்டது. அந்த விடுப்பில் நீ வாதாடவில்லை. “நாங்களும் உங்க வழிக்குத்தான்டா வர்றோம்” என்று மணலைக் கிளறிக்கொண்டிருந்தாய். ஜெயித்த எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

அந்த வெற்றியும் நிலைக்கவில்லை. வங்கிகள் சரிந்த வருடம் கிடங்கில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். அதில் நானும் ஒருவன். மறுவாரமே கிடைக்கும் என்று நான் பீற்றிய வேலை குளிர்காலம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. ஊருக்கே திரும்புகிறேன் என்று போனில் சொன்னபோது நீ கிண்டல் செய்வாய் என்று நினைத்தேன்.

“நீ முன்னாடி போ மாப்ள. உன் வீட்டுப் பக்கம் எனக்கொரு மனை பாத்து வை. முழு பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான், முடிச்சிட்டு வந்துடறேன்.”

திருமலைராயன்பட்டினம் போகிற சாலையில் மனை பார்த்தேன். உனக்குச் சொல்வதற்குள் நெஞ்சுவலி என்று செய்தி வந்தது. ஆஸ்பத்திரியில் காசே கேட்காமல் நன்றாகப் பார்த்தார்களாம். உன் கட்சிக்குச் சாதகமான அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பழைய ஓய்வூதியச் சட்டமே இருந்திருந்தால் அதற்கு முன்பே இங்கே வந்திருப்பாய் என்றும் தோன்றுகிறது. எந்த நாடு சரி என்று யோசித்து யோசித்து ஓய்ந்துவிட்டேன்.

இன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உன் மகன் சொன்னான்: “பாரிஸ்ல நிரந்தர வேலையே கிடைக்க மாட்டேங்குது மாமா. லண்டனுக்குப் போயிடலாம்னு பாக்கறேன்.”

நான் உன் கட்சியைப் பேச ஆரம்பித்தேன். வேலை நேரம், வைத்தியம், பிள்ளைகள் முழித்திருக்கும்போது வீடு திரும்புவது, எல்லாம் சொன்னேன். அவன் லண்டனுக்காக ஒவ்வொன்றாக மறுத்தான். அசதியாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.