பம்பின் கரகரப்பும் மேனேஜரின் சராசரியும்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம்.

முதுகுவலி குறைந்ததா? அத்தைக்கு மறக்காமல் கண் மருந்து விடுகிறீர்களா? நான் நலம். கோபத்தோடு நலம்.

இங்கே தொழிற்சாலையில் பெரிய பம்பின் சத்தத்தைப் பதிவு செய்து ஆராய்வதுதானே என் வேலை. அது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் கரகரவென்று ஏறி அடங்கியது. ஏறி இறங்கும் சத்தத்துக்குக் கணக்குப் போடுவது கஷ்டம் என்று மேனேஜர் ஒரு வழி செய்தார். ஒவ்வொரு பதிவையும் சுற்றின் ஏதோ ஓரிடத்திலிருந்து, குலுக்கல் முறையில் தொடங்க வைத்தார். அப்படிச் செய்து எல்லாப் பதிவுகளையும் சேர்த்தால், எந்த நொடியை எடுத்தாலும் சராசரி ஒரே அளவாகிவிடும். கணக்கில் தப்பே இல்லை.

“பாரும்மா, எவ்ளோ சமமா இருக்கு. பம்புக்கு ஒண்ணுமில்ல” என்றார்.

“நீங்க குலுக்கினதால சமமா இருக்கு சார். பம்பு இன்னும் கரகரங்குது” என்றேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நேற்று, அப்படிக் கரகரத்துக்கொண்டிருந்த பேரிங் உடைந்து பம்பு நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை, பயப்படாதீர்கள். “முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா” என்று எல்லோர் முன்னாலும் என்னையே கேட்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உங்கள் மேலும் கோபம்தான். காலையோ மத்தியானமோ, நினைத்த நேரத்துக்குக் கூப்பிடுகிறீர்கள். நானும் “நல்லா இருக்கேன்” என்கிறேன். சராசரியில் அது உண்மை. ஆனால் தினமும் வேலை முடிந்து வந்து, கதவைத் திறந்து, இருட்டில் சுவிட்சைத் தடவுகிற நேரம் ஒன்று இருக்கிறது. என் கரகரப்பு அங்கேதான்.

நான் ஏற வேண்டிய பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். இனி அந்த நேரத்துக்கே கூப்பிடுங்கள். எப்படி இருக்கிறாய் என்று அப்போது கேளுங்கள்.