மேலே என்றால் அப்புறம்

இன்று காலை யூனிஃபார்மைத் துவைக்கப் போடுவதற்கு முன் என் மனைவி சட்டைப்பைக்குள் கைவிட்டு, ஒரு பிடி காய்ந்த தழையை எடுத்து என் முன்னால் நீட்டினாள். "கம்பெனிக்குப் போறீங்களா, மேயப் போறீங்களா?" என்று கேட்டாள். குதிரைமசால், குதிரைக்குப் போடும் தீவனத் தழை. காய்ந்து நொறுங்கிப்போனாலும் வாசம் போகவில்லை. புல்லும் இல்லாமல் டீத்தூளும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசம். அதை முகர்ந்ததும் கெலமங்கலத்தில் உன் கொட்டகை வாசலில், காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் திறந்திருக்க நீ நிற்பது தெரிந்தது.

நீ எங்கள் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். நான் எஞ்சினுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஓசூர் வரும்வரை உன்னிடம் வாயடித்துக்கொண்டே வரும் மெயின்டனன்ஸ் பிட்டர். என் ஊர் பெரியகுளம் என்று எத்தனை முறை சொன்னாலும் உனக்கு நான் மதுரைக்காரன்தான். சின்ன வயதில் கொடைக்கானல் மாமா வீட்டில் தங்கி, சுற்றுலா வந்தவர்களை மட்டக்குதிரையில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டியிருக்கிறேன் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். சிக்னலில் பச்சை விழுந்தும் நீ வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"மதுரைக்காரரே, எங்கிட்ட ஒரு குதிரை இருக்குதுப்பா. ஏறத்தான் ஆள் இல்ல" என்றாய்.

பெங்களூரில் பந்தயம் ஓடி ஓய்ந்த பெண்குதிரை அது. லாயத்தில் வேலை பார்த்த உன் பெரியப்பா மகன், யாரும் வேண்டாம் என்று ஒதுக்கியதை உனக்குப் பிடித்துக் கொடுத்திருந்தான். செம்பட்டை நிறம். காகிதத்தில் ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர். நீ வைத்த பெயர் பவுனு. இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்ததில் உன் முதுகில் டிஸ்க் நகர்ந்திருந்தது. குதிரை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவனுக்குக் குதிரைமேல் ஏற முடியாது. அதற்குத்தான் நான்.

முதல் வாரமே பவுனு என்னைக் கடித்தாள். சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்கினால் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு திரும்புவாள். வைத்த தீனியில் பாதியை விட்டுவிட்டுப் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நிற்பாள். திமிர் என்று நான் சொன்னேன். "திமிர் இல்லப்பா, அதுக்கு எங்கியோ வலிக்குது" என்று நீ சொன்னாய். பெங்களூருக்குக் கொண்டுபோய்க் குழாய் விட்டுப் பார்த்தபோது வயிற்றில் புண் என்று தெரிந்தது. குதிரைக்கு அமிலம் நிற்காமல் சுரந்துகொண்டே இருக்குமாம். மென்றுகொண்டே இருந்தால் எச்சில் இறங்கி அதை ஆற்றும். பந்தய லாயத்தில் வேளைக்கு ஒரு வாளி தானியத்தைக் கொட்டிவிட்டு, மீதி நேரம் பட்டினி போட்டு ஓடவிட்டால் வயிறு வேறு என்ன ஆகும்.

மருந்தைக் கொடுக்கும் விதத்தை டாக்டர் மறுநாள் போனில் சொன்னார். நீ பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாய், உன் போனை நான் எடுத்தேன். உனக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே நாக்கில் புரளும். எனக்கு ஓசூரில் ஆறு வருடம் இருந்த தைரியம் மட்டும்தான். "மத்து கொட்ட மேலே மேவு ஹாக்கி" என்றார் அவர். மத்து என்றால் மருந்து, மேவு என்றால் தீவனம், ஹாக்கி என்றால் போடுங்கள். இந்த மூன்றும் எனக்குத் தெரியும். மீதி இரண்டும் தமிழ்தானே என்று நினைத்துக்கொண்டேன். "கொத்தாய்த்து சார்", புரிந்தது என்று பெருமையாகச் சொல்லிப் போனை வைத்தேன்.

நான் கம்பெனிக்காரன் இல்லையா, உடனே ஒரு வொர்க் இன்ஸ்ட்ரக்ஷன் ஷீட் தயாரித்தேன். ஒன்று, வாளியில் மருந்துப் பேஸ்டைக் கொட்டவும். இரண்டு, மேலே தவிடும் கொள்ளும் போடவும். தேதி, கையெழுத்துக்குக் கட்டங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டினேன். நீ கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாய். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றாய். நீ விடிவதற்குள் பஸ் எடுக்கப் போய்விடுவாய் என்பதால் காலைத் தீனி என் பொறுப்பு. இரண்டு வாரம் ஒருநாள் விடாமல் கொட்டினேன், மேலே போட்டேன், கையெழுத்தும் போட்டேன்.

பவுனு இளைத்துக்கொண்டே போனாள். விலா எலும்பு தெரிந்தது. ஒருநாள் தீனி தின்ற கையோடு படுத்துவிட்டாள், எழுப்பினாலும் எழவில்லை. இவ்வளவு நாளில் தேறியிருக்க வேண்டும், இனி என்ன செய்தும் பயனில்லாமல் போகலாம் என்று டாக்டர் உன்னிடம் சொல்லிவிட்டார். நீ அன்று லீவு போட்டிருந்தாய். கொட்டகைத் தரையில் அவள் தலையருகே உட்கார்ந்து, கழுத்தைத் தடவிக்கொண்டே, "எனக்குக் குடுத்துவெக்கல" என்று மட்டும் சொன்னாய்.

எனக்கு ரோஷம் வந்தது. "மருந்து ஒழுங்காத்தாம்ப்பா போகுது, ஷீட்டப் பாரு. டாக்டர் சொன்னத அட்சரம் பிசகாமச் செஞ்சிருக்கேன்" என்று சொல்லி, அந்தக் கன்னட வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தேன்.

நீ தலையைத் தூக்கினாய். "இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். நீ எழுந்துபோய்த் தீனி வாளியைச் சாய்த்துப் பார்த்தாய். அடியில் பேஸ்ட் வெள்ளையாக ஒட்டிக்கிடந்தது. அவள் மேலாகத் தின்றுவிட்டு, கசந்த இடம் வந்ததும் விட்டிருக்கிறாள். உள்ளே போன கொஞ்சமும் தீனியோடு சேர்ந்து வீணாகியிருக்கிறது.

"கொட்டன்னா கன்னடத்துல குடுத்ததுப்பா, கொட்டுறது இல்ல. கொட்ட மேலேன்னா குடுத்த அப்புறம். மருந்து குடுத்து முடிச்ச அப்புறம் மேவு போடச் சொல்லிக்கிறாரு."

நீ திட்டுவாய் என்று நின்றேன். நீயோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். டிஸ்க் வலித்தும் சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றுபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. "உடு, மருந்து மேல தப்பில்ல, உன் மேலயும் தப்பில்ல. அந்த 'மேலே' மேலதான் தப்பு" என்றாய். என் ஷீட்டின் இரண்டு வரிகளையும் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, பெரிய எழுத்தில், "மேலே என்றால் அப்புறம்" என்று எழுதினாய்.

அதற்குப் பிறகு எல்லாம் முறையாக நடந்தது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் சிரிஞ்சைக் கடைவாயில் நுழைத்துப் பேஸ்ட். ஒரு மணி நேரம் கழித்துத் தீனி. கொள்ளைப் பாதிக்கும் கீழே குறைத்தாய். வலைப்பையில் ராகி வைக்கோலும் புல்லும் நாள் முழுக்கத் தொங்கியது. துணைக்கு ஒரு வெள்ளாட்டைக் கொண்டுவந்து கட்டினாய். மூன்றாம் வாரம் வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது பவுனு திரும்பி என்னைப் பார்த்தாள், கடிக்கவில்லை. அந்தப் பார்வையை நாம் இரண்டு பேரும் ஒரு மாதம் பேசிக்கொண்டிருந்தோம்.

சவாரியில்தான் உனக்கும் எனக்கும் ஓயாத சண்டை. ஏரிக்கரையில் மண்பாதை நீளமாகக் கிடக்கும். ஒரே ஒரு முறை நாலுகால் பாய்ச்சல் விட்டுப் பார்க்கிறேன் என்று கெஞ்சுவேன். முதல் மாதம் நடைதான் என்று நீ குறுக்கே நிற்பாய். சேணம் வைக்கும் முன் குதிரைமசால் ஒரு கட்டு அவள் தின்று முடித்தாக வேண்டும். "தண்ணிக் குடத்துல வேப்பங்கொத்து போட்டுத் தூக்குவாங்க பாத்துக்கிறியா? அப்பத்தான் தளும்பாது. வயித்துல தழை கிடந்தா உள்ள இருக்கற புளிப்பு மேல அடிக்காது" என்பாய். வழியில் கொடுக்க என் பையிலும் ஒரு பிடி திணிப்பாய்.

அவளுக்கு இவ்வளவு பார்த்தவன், நீ மட்டும் டீயைக் குடித்துவிட்டு மூன்று டிரிப் அடிப்பாய். உன் மனைவி ஸ்டெல்லா கட்டிக்கொடுத்த டிபன் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். கேட்டால், "நான் என்னா ரேஸ் குதிரையா?" என்று வாயை அடைப்பாய். போன தை மாதத்தில் ஒருநாள், முதல் டிரிப் முடித்து, டிரைவர் சீட்டில் சாய்ந்தவன் எழவில்லை. மாரடைப்பு. சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருக்கட்டும். எனக்கு உன்மேல் இன்னும் கோபம்தான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், தேன்கனிக்கோட்டை ரோட்டில் ரிசார்ட் வைத்திருப்பவர் ஒருவர் பவுனுவைப் பார்க்க வந்தார். குழந்தைகளை ஏற்றிச் சுற்றவும் கல்யாண ஊர்வலத்துக்கும் வேண்டுமாம். வயிற்றுப்புண் இருக்கிறது, பட்டினி போடக் கூடாது என்றேன். "அதெல்லாம் நம்ம ஆளுங்க பாத்துக்குவாங்க" என்றார். மோசமான மனிதர் இல்லை. நான் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கினேன். ஷிப்ட் வேலை, வாடகை வீடு, எனக்கு எதற்கு இந்தப் பாரம் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா ஆனேக்கல் பெண். மனசு உடைந்தால் கன்னடம்தான் வரும். "அவரு ஹோத மேலே இதன்ன யாரு நோட்கொள்த்தாரே?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அவர் போன பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்கிறாள். இப்போது எனக்கு அது நன்றாகவே புரியும். ஆனால் அந்த நொடியில் என் காது பழையபடி பெரியகுளத்துக் காதாகிவிட்டது. அவர் போனார், மேலே. அப்படித்தான் விழுந்தது. உன் அடக்கத்தில்கூட அழாதவன் அங்கே வாளியோடு நின்று அழுதேன். ரிசார்ட்காரர் சங்கடப்பட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானு நோட்கொள்தீனி" என்றேன். நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்டெல்லா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கன்னடம் சரியா வந்துடுச்சே அண்ணா" என்றாள்.

இப்போது தினமும் விடிவதற்குள் கெலமங்கலம் போய்விடுகிறேன். பேஸ்ட் இப்போது தேவையில்லை. வெயில் ஏறினாலோ அவள் தீனியில் மிச்சம் வைத்தாலோ டாக்டரிடம் கேட்டுச் சில நாள் கொடுக்கிறேன். உன் சிவப்பு எழுத்து இன்னும் சுவரில் இருக்கிறது. தீனி வைக்கும் முன் அதைப் படிக்காமல் இருக்க முடிவதில்லை. நீ எழுதினால் சரியாகத்தான் இருக்கும். அதனால் நீ மேலேயே இரு. நான் அங்கே வருவது அப்புறம்தான். இங்கே அவளுக்குப் பசிக்கும்.