நீங்கள் கடைசிவரை திருப்பி வைத்த ட்ரெபிள்

ரெஜினா அப்பாவுக்கு, கல்லறையில் படுத்துக்கொண்டும் பாட்டுப் போடச் சொல்லக்கூடிய என் ஆசை மனுஷனுக்கு,

வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்களிடம் பொய் எதற்கு? வீடு நாறுகிறது. மாப்பிள்ளை ஹால் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி வைத்திருந்தார். அது சத்தத்தைக் குடித்துவிடும் என்று போனில் யாரோ சொன்னானாம். முட்டைக்கடையில் கழித்துப்போட்ட அட்டை. உடைந்த முட்டை அதிலேயே காய்ந்து கிடந்தது. இரண்டு நாளில் கரப்பான் குடும்பத்தோடு குடியேறிவிட்டது. நான் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன்.

எல்லாம் உங்கள் ஸ்பீக்கரால் வந்த வினை. கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற அந்த ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருப்பி வைத்துத்தானே பாட்டுக் கேட்பீர்கள்? 'ச' என்று பாடினால் அடுப்பில் தண்ணீர் கொட்டியது போலச் சீறும். தாளம் போட்டால் தகரத்தை அறுப்பது போல இருக்கும். அப்போதாவது ஹாலில் மெத்தை, துணிமூட்டை, கொடியில் நாலு புடவை என்று ஏதோ கிடந்தது. ரெஜினா இப்போது முகம் தெரிகிற மாதிரி வழவழவென்று டைல்ஸ் போட்டு, எல்லாவற்றையும் வாரி வெளியே கொட்டிவிட்டாள். அதற்குப் பிறகு பெட்டியைப் போட்டால் பல் கூசுகிறது. பக்கத்து வீட்டுக்காரி வந்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போகிறாள்.

"அத்தே, மாமா நெனவு நாளுக்குள்ள இத்த அடக்கிப் பாக்கறேன். அடங்கலைன்னா எடைக்குப் போட்ருவேன், அப்புறம் அழுவாத" என்றார் மாப்பிள்ளை. எடைக்காம். டைல்ஸ் வேலையில் உங்கள் நாற்காலி போனது, கட்டில் போனது. இந்த வீட்டில் உங்கள் கை பட்ட இடம் என்று மிச்சமிருப்பது அந்தக் குமிழ் ஒன்றுதான். அதையும் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டு நான் யாரோடு சண்டை போடுவது?

அதனால் நானே இறங்கினேன். முதலில் முட்டை அட்டையைப் பிய்த்துக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். சிமெண்ட் அலமாரிக்குள் திணித்திருந்த ஸ்பீக்கர் இரண்டையும் வெளியே இழுத்து வைத்தேன். நேராக என் காதைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கொஞ்சம் ஒருக்களித்துத் திருப்பினேன். டைல்ஸ் மேல் ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை. ஒவ்வொரு பெட்டியிலும் மேலே இருக்கிற, சீறுகிற சின்ன ஸ்பீக்கரின் முகத்தில் என் பழைய காட்டன் புடவைத் துண்டை மடித்துக் கட்டினேன். கடைசியாக அந்தக் குமிழ். கடல் காற்றில் இறுகிப்போயிருந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டு, துணியைச் சுற்றிப் பிடித்து, நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

பாட்டைப் போட்டேன். பாடுகிறவள் மூச்சு இழுப்பது கேட்டதுங்க. இவ்வளவு நல்ல பாட்டையா இத்தனை வருஷம் இந்த மனுஷன் அறுத்துக் கொன்றார் என்று உங்கள் மேலேயே அருவருப்பாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

நினைவு நாளன்று பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். கப்பலில் உங்களோடு சுத்தியலால் துரு தட்டி எடுக்கிற வேலை செய்த மாரியும் வந்திருந்தார். உங்களுக்குப் பிடித்த மாதா பாட்டைப் போட்டேன். மாப்பிள்ளையே அசந்துபோய், "அத்தே, பொட்டி இங்கியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். மாரி மட்டும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னா அண்ணி, பொட்டி ரிப்பேரா? பாட்டு கேக்குது, வார்த்தை ஒண்ணியும் வெளங்கல. தோஸ்து வெச்ச மாதிரியே வையி" என்றவர், எழுந்துபோய் புடவைத் துண்டை அவிழ்த்து, குமிழைக் கடைசிவரை திருப்பினார். ரெஜினா காதைப் பொத்திக்கொண்டாள். மாரியின் முகம் மலர்ந்துவிட்டது. கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம், அவர் திரும்பவில்லை. நீங்களும் இப்படித்தான், குக்கர் கத்தினாலும் திரும்ப மாட்டீர்கள்.

பாட்டை நிறுத்திவிட்டு, அவர் முன்னால் போய் நின்று கேட்டேன். "உங்களுக்குக் காது கேக்கலையா?"

"எங்க கேங்குல யாருக்கு அண்ணி கேக்குது? கப்பல் வயித்துக்குள்ள குந்திகினு நாள் முச்சூடும் சுத்தியால தட்னா காது இன்னாத்துக்கு ஆவும்?"

"வருஷா வருஷம் காது டெஸ்ட் பண்ணாங்களே?"

"பண்ணாங்க. ஹெட்போன காதுல மாட்டிவுட்டு, சத்தம் வந்தா கை தூக்குன்னுவான். மிஷின் தட்றவன் வெரலப் பாத்துகினே தூக்கிருவோம். தோஸ்துதான் எங்களுக்கு அத்தச் சொல்லிக் குட்த்துச்சு. கேக்கலன்னு சொன்னா மறுநாளு மெயின் கேட்டுக்குள்ள வுட மாட்டானே."

"மிஷின்காரனுக்கு இது தெரியாதா?"

"தெரியாம இன்னா? அவன்தான் எங்களுக்குத் தெரியற மாதிரி வெரல நல்லாத் தூக்கித் தூக்கித் தட்டுவான்."

முட்டை அட்டை நாற்றமெல்லாம் ஒரு நாற்றமா? உங்கள் சவப்பெட்டி மேல், உங்களை வேலைக்கு வைத்திருந்த அந்தக் காண்டிராக்டர் ரோஜா மாலை போட்டு, கடைசிவரை ஒரு குறையும் இல்லாத உடம்போடு உழைத்த ஆள் என்று எல்லார் முன்னாலும் சொன்னானே. நானும் கையெடுத்துக் கும்பிட்டேனே. அந்த மாலையை நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது. வாய் கசந்துபோய்க் கிடக்கிறேன்.

அவனை விடுங்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை? உங்களை வேலைக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திவிடுவேன் என்றா? விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்தில் படுத்துக்கொண்டு, ரெஜினா எழுந்துவிடாமல் மெதுவாக எத்தனை பேசியிருப்பேன். எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினீர்கள். கேட்டுத்தான் கொட்டினீர்களா? இருட்டில் யார் விரலைப் பார்த்துக் கொட்டினீர்கள்?

நான் கேட்ட அந்த மூச்சை நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. எங்களுக்குப் பல் கூசிய சத்தம்தான் உங்கள் காதுக்குச் சரியான பாட்டாக விழுந்திருக்கிறது.

இனி இப்படித்தான். தினமும் குமிழ் நடுவில் நிற்கும், புடவைத் துண்டு கட்டியிருக்கும், அது என் பங்கு. உங்கள் நினைவு நாள் வந்தால் துண்டை அவிழ்த்துவிட்டுக் கடைசிவரை திருப்பி வைப்பேன். தெருவே முகத்தைச் சுளிக்கட்டும். மாரியை நடு ஹாலில் உட்கார வைத்து முழுப் பாட்டும் போடுவேன். அப்புறம், நான் அங்கே வரும்போது பக்கத்தில் படுத்துக் கிசுகிசுக்கிற வேலையெல்லாம் கிடையாது. வெளிச்சத்தில் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் திரும்ப ஒரு தடவை சத்தமாகச் சொல்கிறேன்.

கத்திக் கத்தியே பழகிய தொண்டையோடு,
உங்கள் ரெஜினா அம்மா