இரண்டு முனையும் ஒரே அளவு

மார்ச் 4

இரும்பு கடைய வாங்கிய பழைய லேத் வந்து இறங்கிவிட்டது. கார் ஷெட்டுக்குள் தள்ளி முடிப்பதற்குள் ஐந்து பேருக்கு நாக்குத் தள்ளியது. கார் இனித் தெருவில். "இனிமே எனக்கும் இந்த வீட்ல ரெண்டாவது இடம்தான்" என்றார் அவர். கட்டிய கணவர் என்றாலும் உண்மையை மறுக்க முடியுமா?

பதினெட்டு வருடம் ஃபாக்டரியில் இன்ஸ்பெக்டர். அடுத்தவர் கடைந்ததை அளந்து, தேறாததைத் திருப்பி அனுப்பியவள். "அளக்கிறது சுலபம்மா, கடைஞ்சு பாருங்க" என்று லேத்காரர்கள் முணுமுணுப்பார்கள். பார்க்கத்தான் போகிறேன். ஒரு பம்ப் கம்பெனி, பம்புக்குள் சுழலும் ஷாஃப்ட் மாதிரிக்குப் பத்து கேட்டிருக்கிறது. தேறினால் தொடர்ந்து வேலை. தேறாவிட்டால் 23ஆம் தேதி, லீவு முடிந்து, பழைய நாற்காலி.

மார்ச் 7

லேத்தின் கால்களுக்கு அடியில் தகடு கொடுத்து, பெட் என்கிற அதன் நீள இரும்பு மேடையின் இரண்டு முனையிலும் ரசமட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்த்தாயிற்று. இரண்டு இடத்திலும் குமிழி நட்டநடுவில். அழகு!

மார்ச் 9

முதல் வெட்டு. சோதனைக்கு ஒரு சாண் நீளக் கம்பி. ஒரு முனையைவிட மறுமுனை மில்லிமீட்டரில் நூறில் ஆறு பங்கு தடிமன். கம்பெனி பொறுத்துக்கொள்வது ஒரே ஒரு பங்கு.

மார்ச் 12

உளியைத் தீட்டினேன். கம்பியைக் கவ்விப் பிடிக்கும் 'சக்'கைக் கழற்றி மாட்டினேன். ஆறு. மறுபடியும் ஆறு. விற்றவருக்கு ஃபோன் போட்டால், "பெட் தேஞ்சிருக்கும்மா, பழசுதானே" என்கிறார். எங்கே தேய்ந்திருக்கிறது? தடவிப் பார்த்தேனே — இல்லை, நான்தான் ஏதோ தப்புப் பண்றேன். என்ன தப்பு? ஊரான் தப்பையெல்லாம் பிடிச்சியே, இப்ப சொல்லேன் பார்ப்போம்!

மார்ச் 13

சாப்பாட்டில் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது. அவர் தயிரைக் கூடுதலாக ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 15

தையல் கடைக்கு இன்று விடுமுறை என்று நாத்தனார் வந்தாள். டார்ச் பிடிக்கச் சொன்னேன். மோட்டார் பக்கம் முன்னால் நின்று ரசமட்டம் வைத்தேன். மறுமுனையில் அலமாரி இடிக்கும், அதனால் எப்போதும்போல் பின்பக்கம் போய் வைத்தேன்.

"அண்ணி, அங்க வச்சப்ப எழுத்து இருக்கிற முனை கதவப் பார்த்துச்சு. இங்க சுவரப் பார்க்குது. துணிய இப்படித் திருப்பிப் போட்டு வெட்டினா என்னைச் சும்மா விடுவாங்களா?"

சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது சிரிப்பு. அதே இடத்தில் ரசமட்டத்தைத் திருப்பி வைத்தேன். குமிழி ஒரு கோடு தள்ளிப் போனது. ரசமட்டமே கோணல்! ஒரே திசையில் வைத்திருந்தால் இரண்டு முனையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும், தோஷமில்லை. நான் திசை மாற்றி வைத்து, ஒன்றை இப்படியும் ஒன்றை அப்படியும் சாய்த்து, இரும்புப் பெட்டை ஈரத்துணி மாதிரி முறுக்கி வைத்திருக்கிறேன். அந்த ஆறு அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

அளக்கும் கருவியை முதலில் சோதி — புதிதாக வந்தவர்கள் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன்! வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "ஐயோ, கிரீஸு!" என்று அலறினாள்.

மார்ச் 16

ரசமட்டத்தை இரண்டு முனையிலும் ஒரே திசையில் வைத்து, தகடுகளை மாற்றிக் கடைந்தேன். வித்தியாசம் அரைப் பங்கு. இன்னொரு முறை அளந்தேன். அப்புறம் ஒரு முறை, ஆசைக்கு.

மார்ச் 19

பத்தும் முடிந்தது.

மார்ச் 21

பம்ப் கம்பெனி இன்ஸ்பெக்டர் ஒரு கண்டிப்பான பெண். பத்தையும் இரண்டு முனையிலும், நடுவிலும் அளந்தாள். ஏழாவதைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். எங்கேயாவது ஒரு தப்புச் சிக்காதா என்று தேடுகிறாள் என்பது எனக்குத் தெரியாதா? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"யார் கடைஞ்சது?" என்றாள்.

"நான்தான்."

முத்திரை குத்தினாள். பத்திலும்.

மார்ச் 22

ஃபாக்டரி மேனேஜர் கூப்பிட்டார். "நாளைக்கு வந்துடுறீங்கதானேம்மா? உங்க சீட் அப்படியே இருக்கு."

"இல்ல சார். ஆர்டர் வந்திருக்கு, நாளைலேருந்து எனக்கு நாற்பது ஷாஃப்ட் கடையணும்."

ராஜினாமாக் கடிதத்தைக் காலையிலேயே தபாலில் சேர்த்துவிட்டேன் என்பதையும் சொன்னேன்.